எந்தக் கண்காட்சியில் எதை வாங்கலாம்?

மதுரையில் இன்று பஸ் நிலையம் இருக்கும் மாட்டுத்தாவணி, பெயரிலேயே தன் பழைய தொழிலைச் சொல்கிறது. மாடுகளை வரிசையாகக் கட்டி வைத்து விற்ற இடம் அது. அந்தக் காலத்தில் உழவு மாடு பிடிக்கப் போன சம்சாரி, முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். முடிந்தால் ஏரில் பூட்டி இரண்டு சால் ஓட்டியும் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். பிடித்த மாடு கிடைக்கவில்லை என்றால் கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு ஊர் திரும்புவதில் அவருக்கு வெட்கமே இல்லை.

இன்று மாட்டுச் சந்தையின் இடத்தில் விவசாயக் கண்காட்சிகள் வந்துவிட்டன. பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி, அடுக்கடுக்கான அரங்குகள் என்று எல்லாம் இருக்கின்றன. ஆனால் பல்லைப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் குறைந்துவிட்டது. "இன்று மட்டும் இந்த விலை" என்று அரங்கில் சொன்னவுடன் முன்பணம் கட்டுவதும், வீட்டுக்கு வந்த பிறகு பொருள் நமது கிணற்றுக்கோ மண்ணுக்கோ ஒத்துவரவில்லை என்று வருந்துவதும் நடக்கின்றன. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு தவறான கொள்முதல் என்பது ஒரு போக வருமானம் போனதற்குச் சமம்.

எனவே வாங்கும் எண்ணத்தோடு கண்காட்சிக்குப் போகும் சிறு விவசாயி, எந்தக் கண்காட்சிக்குப் போவது, அங்கே எதை வாங்குவது, எதைப் பார்த்துவிட்டு மட்டும் வருவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் தேவை, பிறகு கண்காட்சி

"கண்காட்சி நடக்கிறது, போய்ப் பார்ப்போம், நல்லது இருந்தால் வாங்குவோம்" என்று புறப்படுவது செலவில்தான் முடியும். அடுத்த ஓராண்டில் தமது பண்ணைக்கு அவசியமாக வேண்டியது எது என்று முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். மூன்று பொருளுக்கு மேல் எழுதக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் கையில் உள்ள பணம் எவ்வளவு, எந்த மாதத்துக்குள் வேண்டும், மானியம் கிடைக்குமா என்பதையும் குறிக்க வேண்டும்.

அந்தத் தாளில் விதை என்று இருந்தால் போக வேண்டிய இடம் ஒன்று. பம்ப்செட் என்று இருந்தால் வேறு இடம். கறவை மாடு என்று இருந்தால் இன்னொன்று. தாளில் எதுவுமே இல்லை என்றால் அந்த ஆண்டு கண்காட்சிக்கு வேடிக்கை பார்க்க, கற்றுக்கொள்ளப் போகலாம். ஆனால் பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நலம்.

நான்கு வகைக் கண்காட்சிகள்

மதுரை வட்டாரத்து விவசாயிகளுக்கு எட்டக்கூடிய கண்காட்சிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண் கல்லூரிகளும் நடத்தும் உழவர் தினம், வயல் விழா போன்றவை. யானைமலை ஒத்தக்கடையில் 1965-ல் தொடங்கப்பட்ட மதுரை வேளாண் கல்லூரி, அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையம், திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராமம், சிவகங்கை மாவட்டத்தில் குன்றக்குடி, விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, தேனி மாவட்டத்தில் காமாட்சிபுரம் ஆகிய இடங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் இவற்றில் அடங்கும். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் உழவர் தின விழாவும் இந்த வகைதான். இங்கே விளம்பரம் குறைவு, விளக்கம் அதிகம். புதிய ரகத்தை வயலில் நிற்கும் பயிராகவே பார்க்கலாம்.

இரண்டாவது வகை, தொழில் கண்காட்சி. கோவையில் கொடிசியா என்ற சிறுதொழில் சங்கத்தின் வளாகத்தில் ஆண்டுதோறும், வழக்கமாக ஜூலை மாதத்தில், நடைபெறும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சி இதில் முக்கியமானது. மதுரையிலிருந்து சுமார் 210 கிலோமீட்டர். பம்ப்செட், சொட்டு நீர்க் கருவிகள், களை எடுக்கும் இயந்திரம், பால் கறக்கும் இயந்திரம் என்று பல கம்பெனிகளின் சாமான்களை ஒரே கூரையின்கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

மூன்றாவது வகை, நகரங்களில் மைதானங்களிலும் மண்டபங்களிலும் நடக்கும் பொதுக் கண்காட்சிகள். பூச்செடி, வீட்டுச் சாமான், ஊறுகாய், உரப் பாட்டில் எல்லாம் கலந்திருக்கும். அரசுப் பொருட்காட்சிகளில் வேளாண் துறை, தோட்டக்கலைத் துறை அரங்குகள் இருக்கும். திட்டங்களையும் மானியங்களையும் தெரிந்துகொள்ள அவை நல்ல இடம். மற்ற அரங்குகளில் பெரிய கொள்முதல் செய்ய இது ஏற்ற இடம் அல்ல.

நான்காவது வகை, சந்தைகள். மணப்பாறை மாட்டுச் சந்தை, ஆடி மாதத்தில் நடக்கும் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தை, திருமங்கலம் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை போன்றவை. கால்நடைக்கு இவைதான் இடம். ஆனால் வளர்ப்புக்கு ஆடு வாங்குபவர் தீபாவளி, பக்ரீத், பொங்கல் ஆகியவற்றுக்கு முந்தைய வாரங்களைத் தவிர்க்க வேண்டும். அந்த வாரங்களில் கறிக்கு வாங்குபவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். விலை ஏறி நிற்கும்.

புணேயில் டிசம்பர் மாதத்தில் நடக்கும் கிசான் கண்காட்சி, ஜெர்மனியில் ஹனோவர் நகரில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அக்ரிடெக்னிகா போன்றவை பெரியவை, புகழ் பெற்றவை. ஆனால் ஹனோவரில் நிற்கும் இயந்திரங்கள் பல நூறு ஏக்கர் பண்ணைக்கு உரியவை. பெரிய கண்காட்சி என்பதாலேயே அது நமக்கு உகந்த கண்காட்சி ஆகிவிடாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வேண்டுமானால் புணேக்கு ஓரிருவரை அனுப்பலாம். தனி விவசாயிக்கு கோவையும் ஒத்தக்கடையும் போதும்.

விதையும் கன்றும்

விதைக்கு முதல் வகைக் கண்காட்சியே சிறந்தது. உளுந்து, பாசிப்பயறு போடுபவர்கள் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையத்தின் ரகங்களைப் பற்றி இங்கே கேட்டறியலாம். தொழில் கண்காட்சியிலும் விதை விற்பார்கள். அங்கே வாங்கினால் மூட்டையில் கட்டியுள்ள அட்டையை முதலில் பார்க்க வேண்டும். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை; சான்று விதைக்கு நீல அட்டை; உண்மை நிலை விதைக்குப் பச்சை அட்டை. அட்டையில் ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், பரிசோதனை செய்த நாள், காலாவதி நாள் ஆகியவை இருக்க வேண்டும். நெல் விதைக்குக் குறைந்தது 80 சதம், உளுந்து, பாசிப்பயறுக்கு 75 சதம், நிலக்கடலைக்கு 70 சதம் முளைப்புத்திறன் இருக்க வேண்டும் என்பது விதி.

சான்று விதையின் காலம் பரிசோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம். ஜூலையில் வாங்கும் விதையை ஐப்பசியில் விதைக்கப் போகிறவர், அந்த நாள் வரை அட்டைக்கு உயிர் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் முளைக்கட்டிப் பார்ப்பது செலவில்லாத பரிசோதனை. சந்தேகம் இருந்தால் மதுரையில் உள்ள விதைப் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

கன்றுகளைப் பொறுத்தவரை கண்காட்சி அரங்கைவிட நாற்றங்காலே மேல். உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதியில் மல்லிகை போடுபவர்கள் பதியன்களுக்கு ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடம் போய் வருவது பழைய வழக்கம். அது நல்ல வழக்கம். தாய்ச் செடியையும் மண்ணையும் பார்த்து எடுக்கலாம். சோழவந்தான், வாடிப்பட்டிப் பகுதி வாழை விவசாயிகள், 1993-ல் திருச்சியில் அமைக்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகி ரகம் பற்றிக் கேட்கலாம். திசு வளர்ப்பு வாழை என்று அரங்கில் விற்பவரிடம், நோய் இல்லை என்பதற்கான மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் சான்று முறையில் அந்தக் கூடம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பம்ப்செட் வாங்குவோர் கணக்கு

பம்ப்செட்டுக்கு கோவைக் கண்காட்சி ஏற்றது. ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. கிணற்றின் அல்லது போரின் ஆழம், கோடையில் தண்ணீர் நிற்கும் மட்டம், தண்ணீர் போய் விழும் இடத்தின் உயரம், குழாயின் அளவும் நீளமும், மின் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட குதிரைத்திறன் ஆகியவற்றை எழுதி எடுத்துப் போக வேண்டும்.

இப்போதுள்ள மோட்டார் எவ்வளவு தண்ணீர் தருகிறது என்பதை அளப்பது எளிது. 200 லிட்டர் டிரம் 50 விநாடியில் நிறைந்தால், விநாடிக்கு 4 லிட்டர் என்று கணக்கு. மொத்த உயரம் குழாய் உராய்வையும் சேர்த்து 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ 40-ஆல் பெருக்கினால் 160. இதை 75-ஆல் வகுத்தால் சுமார் 2.1. பம்ப்பின் திறன் 50 சதம் என்றால் 2.1-ஐ இரண்டு மடங்காக்க வேண்டும்; சுமார் 4.3 வரும். ஆகவே 5 குதிரைத்திறன் போதும். இந்தக் கணக்கு கையில் இருப்பவரிடம் அரங்கில் நிற்பவர் 7.5 குதிரைத்திறனைத் தள்ளிவிட முடியாது.

அரங்கில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு தண்ணீர் தரும்?" என்பது அல்ல. "என் உயரமான 40 மீட்டரில் எவ்வளவு தரும்?" என்பதே சரியான கேள்வி. குறைந்த உயரத்தில் எந்தப் பம்ப்பும் நிறையத் தண்ணீர் தரும். நீர்மூழ்கிப் பம்ப்செட்டுக்கு ஐ.எஸ். 8034 என்ற எண்ணோடு கூடிய ஐ.எஸ்.ஐ. முத்திரையும் மின் சிக்கன நட்சத்திரக் குறியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மதுரையிலோ திருமங்கலத்திலோ அந்தக் கம்பெனிக்குப் பழுது பார்க்கும் இடம் இருக்கிறதா என்பதை முகவரியோடு வாங்கிக்கொள்ள வேண்டும். பயிர் வாடும்போது மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு ஓட முடியாது.

சொட்டு நீருக்கு முன்பணம் வேண்டாம்

சொட்டு நீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதமும் மற்றவர்களுக்கு 75 சதமும் மானியம் உண்டு. 5 ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி. இந்த மானியம் அரசு அங்கீகரித்த கம்பெனிகள் மூலம், தோட்டக்கலை அல்லது வேளாண் துறையில் பதிவு செய்து பெற வேண்டியது. ஆகவே கண்காட்சியில் சொட்டு நீர் அரங்குகளைப் பார்ப்பது, எந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவு செய்வதற்கே. அங்கே பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

பார்க்கும்போது சொட்டுவான்களின் இடைவெளி, குழாயின் தடிப்பு, வடிகட்டியின் வகை ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள கிணறு என்றால் அடைப்பை எப்படி நீக்குவது என்று கேட்க வேண்டும். முடிந்தால் ஒரு பாட்டிலில் கிணற்று நீரைப் பரிசோதித்த சீட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

இயந்திரம் சொந்தமா, வாடகையா?

கண்காட்சியில் அதிகமாக மனதை இழுப்பது களை எடுக்கும் பவர் வீடர். ஆள் கிடைக்காத காலத்தில் அது பெரிய உதவிதான். ஆனால் எத்தனை ஏக்கருக்கு அது கட்டுப்படியாகும் என்று பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். இயந்திரத்தின் விலை 75,000 ரூபாய், பாதி மானியம் போக கைக்காசு 37,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 6,250 ரூபாய். பழுது செலவு 2,500 ரூபாய் சேர்த்தால் ஆண்டுக்கு 8,750 ரூபாய். வாடகைக்கு எடுத்தால் மணிக்கு 400 ரூபாய், சொந்தமாக ஓட்டினால் எரிபொருளும் ஆள் கூலியும் சேர்த்து மணிக்கு 150 ரூபாய் என்றால், மணிக்கு 250 ரூபாய் மிச்சம். 8,750-ஐ 250-ஆல் வகுத்தால் 35. அதாவது ஆண்டுக்கு 35 மணி நேரமாவது ஓடினால்தான் முதல் கட்டுப்படியாகும்.

ஏக்கருக்கு ஒரு களைக்கு 3 மணி நேரம், ஆண்டுக்கு நான்கு களை என்றால் ஏக்கருக்கு 12 மணி. 3 ஏக்கருக்கு 36 மணி. ஆக, 3 ஏக்கர் உள்ளவருக்கு அது தட்டுத் தடுமாறிக் கட்டுப்படியாகும். ஒரு ஏக்கர் உள்ளவருக்கு வாடகையே மேல். மானியம் இல்லாமல் முழு விலைக்கு வாங்கினால் 60 மணி நேரம் ஓட வேண்டும்; அப்போது 5 ஏக்கர் இருந்தால்தான் சரிவரும். இந்தத் தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. விவசாயிகள் தங்கள் ஊர் வாடகையையும் கூலியையும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வழிமுறை ஒன்றுதான்.

மானியத்தில் இயந்திரம் வாங்க விரும்புவோர் முதலில் வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பித்து, அனுமதி பெற்று, பிறகே வாங்க வேண்டும். கண்காட்சியில் வாங்கிவிட்டு, பிறகு மானியம் கேட்டு அலைவது வீண். அரங்கில் பிடித்த இயந்திரத்தின் மாடல் எண்ணைக் குறித்து வந்து, அது மானியப் பட்டியலில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரிப்பதே முறை. அரசு இயந்திரப் பரிசோதனை நிலையங்களின் அறிக்கையையும் விற்பவரிடம் கேட்கலாம். தென் மாநிலங்களுக்கான அத்தகைய நிலையம் ஆந்திராவில் அனந்தப்பூர் அருகே கார்லதின்னேயில் உள்ளது.

பாட்டிலில் வரும் வளர்ச்சி ஊக்கிகள்

எல்லாக் கண்காட்சியிலும் தப்பாமல் இருப்பவை பாட்டில் அரங்குகள். பூ கொட்டும், காய் பெருக்கும், நோய் அண்டாது என்று ஒரே பாட்டிலுக்கு மூன்று பலன் சொல்வார்கள். பயிர் வளர்ச்சி ஊக்கிகள் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவரப்பட்டன. ஆகவே பாட்டிலில் என்ன இருக்கிறது, எந்தப் பயிருக்கு, எவ்வளவு அளவு, தயாரித்தவர் யார் என்பவை அச்சிட்டிருக்க வேண்டும். பூச்சியைக் கொல்லும் என்று சொன்னால் அது பூச்சிமருந்து. அதற்குப் பதிவு எண்ணும் நச்சு அளவைக் காட்டும் வண்ண முக்கோணமும் இருந்தே ஆக வேண்டும். இவை இல்லாத பாட்டிலைத் தொட வேண்டாம்.

வாங்கித்தான் பார்ப்போம் என்று தோன்றினால் மிகச் சிறிய பாட்டில் ஒன்று போதும். நான்கு வரிசைக்குத் தெளித்து, பக்கத்து நான்கு வரிசையைத் தெளிக்காமல் விட்டு, இரண்டிலும் பறித்த பூவைத் தனித்தனியாக எடை போட்டு எழுதி வைக்க வேண்டும். ஒரு மாதத்தில் உண்மை தெரிந்துவிடும்.

காபி வியாபாரிகள் செய்வது

வாங்கும் கலையில் காபி வியாபாரிகளிடம் விவசாயிகள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைகளில் காபி விளைகிறது. 2023 செப்டம்பரில் உலகக் காபி மாநாடு பெங்களூரில் நடந்தது. ஆசியாவில் அது நடந்தது அதுவே முதல் முறை. அத்தகைய கூட்டங்களுக்கு வரும் கொள்முதல்காரர்கள், கொட்டையின் பளபளப்பைப் பார்த்துப் பணம் எண்ணுவதில்லை. மாதிரி வாங்குவார்கள். அதை வறுத்து, பொடித்து, ஒரே காபியைப் பல கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றிக் கரண்டியால் உறிஞ்சிச் சுவைப்பார்கள். ஒரு கிண்ணத்தில் மட்டும் வாடை அடித்தாலும் மூட்டையில் கெட்ட கொட்டை கலந்திருக்கிறது என்று கண்டுகொள்வார்கள். சரக்கு புறப்படும் முன் இன்னொரு மாதிரியை வரவழைத்து, முதலில் பார்த்ததும் இதுவும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவார்கள்.

கண்காட்சியில் பார்த்த சாமானும் வீட்டுக்கு வந்து இறங்கும் சாமானும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள பாடம். சிறு விவசாயி அதற்குச் செய்யக் கூடியது எளிது. மாடல் எண், குதிரைத்திறன், முத்திரை எண், சேர்ந்து வரும் உதிரிபாகங்கள் எல்லாவற்றையும் விலைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். சாமான் வந்து இறங்கியதும் சீட்டோடு ஒப்பிட்டு, ஓட்டிப் பார்த்து, பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

எப்போது போவது?

கண்காட்சி நடக்கும் மாதம் தமது பருவத்துக்குப் பொருந்துகிறதா என்பதும் முக்கியம். பெரியாறு-வைகைப் பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்கு, அணையில் நீர் இருந்தால் ஜூனில் தண்ணீர் விடுவது வழக்கம். அந்தப் பகுதி விவசாயிக்கு ஜூலையில் நடவு வேலை இருக்கும். அப்போது இரண்டு நாளைக் கோவைக்கு ஒதுக்குவது சிரமம். வாங்க வேண்டியதை முந்தைய மாசி, பங்குனியில் உள்ளூரிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

மேலூர்ப் பகுதி ஒருபோக நிலம் 85,563 ஏக்கரும் திருமங்கலம் கால்வாய்ப் பாசனம் 19,439 ஏக்கரும் பெரும்பாலும் செப்டம்பர்த் தண்ணீரை எதிர்பார்ப்பவை. பேரையூர், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மானாவாரிக்காரர்கள் புரட்டாசி மழையை எதிர்பார்ப்பவர்கள். இவர்களுக்கு ஜூலைக் கண்காட்சி சரியான காலம். பார்த்து வந்து, யோசித்து, பருவத்துக்குள் வாங்க இரண்டு மாதம் கையில் இருக்கும்.

கண்காட்சியின் முதல் நாளில் கூட்டம் குறைவாக இருக்கும். நிதானமாகக் கேள்வி கேட்கலாம். கடைசி நாளில் அரங்குகளைப் பிரிக்கும் அவசரத்தில் சில சாமான்களை விலை குறைத்துக் கொடுப்பார்கள். கடப்பாரை, மண்வெட்டி, கத்தரி போன்ற கைக் கருவிகளுக்கு அது சரி. மோட்டாருக்கும் இயந்திரத்துக்கும் அது கூடாது.

தனியாக வேண்டாம், குழுவாகப் போகலாம்

ஒரு ஊரிலிருந்து பத்துப் பேர் தனித்தனியே போய்ப் பத்து பஸ் கட்டணமும் பத்து நாள் கூலியும் இழப்பதைவிட, விவரம் தெரிந்த இருவரை அனுப்பிச் செலவைப் பங்கிட்டுக்கொள்வது சிக்கனம். போய் வந்தவர்கள் நோட்டீசுகளையும் விலைச் சீட்டுகளையும் ஊர் மந்தையில் வைத்து விளக்கினால், ஊரே கண்காட்சியைப் பார்த்த மாதிரி ஆகும். அட்மா திட்டத்தில் விவசாயிகளைக் கண்டுணர் பயணம் அழைத்துப் போவது உண்டு. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் பெயர் கொடுத்து வைக்கலாம்.

குழுவாக வாங்கினால் விலையும் குறையும். 2017-18-ல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 விவசாயிகள் சேர்ந்த குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டு, பொதுக் கருவிகள் வாங்கப்பட்டன. தனி ஒருவருக்கு 35 மணி நேரம் வேலை இல்லாத இயந்திரத்துக்கு, குழுவில் வேலை நிறைய இருக்கும். யார் சாவி வைத்திருப்பது, யார் பழுது பார்ப்பது, மணிக்கு எவ்வளவு வாடகை என்பதை வாங்கும் முன்பே எழுதி வைத்துக்கொண்டால் பிறகு மனக்கசப்பு வராது.

ரசீது ஒரு ஆயுதம்

எதை வாங்கினாலும் ரசீது வாங்க வேண்டும். "ரசீது இல்லாமல் என்றால் விலை குறைவு" என்பவரிடம் வாங்கவே கூடாது. விதைக்கு ரகமும் குவியல் எண்ணும் எழுதிய ரசீது, காலிப் பை, அட்டை மூன்றையும் அறுவடை முடியும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

விதை வாங்கும் விவசாயியும் ஒரு நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில், தேசிய விதைக் கழகம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்கு அனுப்புவதற்கென்று விவசாயி விதையில் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. வாங்கியதை முழுவதும் விதைத்துவிடுவார் என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. விதை முளைக்கவில்லை என்றாலோ கலப்பு தெரிந்தாலோ, பயிர் வயலில் நிற்கும்போதே விதை ஆய்வாளருக்கும் வேளாண்மை உதவி இயக்குநருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, வயலைப் பார்வையிடச் செய்ய வேண்டும். உழுது அழித்துவிட்டால் சாட்சியும் போய்விடும்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கோவையில் வாங்கிய மோட்டாருக்கு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்துவிட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ரசீதுதான்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. தேவையை எழுதிக்கொண்டு, அதற்கேற்ற கண்காட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. விதைக்கு ஆராய்ச்சி நிலைய விழா, பம்ப்செட்டுக்கும் இயந்திரத்துக்கும் தொழில் கண்காட்சி, கன்றுக்கு நாற்றங்கால், கால்நடைக்குச் சந்தை.

3. கிணறு, நிலம், மின் இணைப்பு பற்றிய அளவுகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

4. ஒரே பொருளுக்குக் குறைந்தது மூன்று அரங்குகளில் எழுத்து மூலம் விலை கேட்க வேண்டும்.

5. மானியம் உள்ள பொருளுக்கு, அனுமதி பெறும் முன் முன்பணம் கட்டக் கூடாது.

6. பழுது பார்க்கும் இடம் அருகில் இல்லாத இயந்திரம் வேண்டாம்.

7. பெரிய கொள்முதலுக்கு வீடு திரும்பி ஒரு வாரம் யோசித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஒரு வாரத்தில் மறைந்துபோகும் சலுகை விலையால் இழப்பு ஒன்றும் இல்லை.

8. ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பிடித்த மாடு கிடைக்காமல் கயிற்றோடு திரும்பிய பழைய சம்சாரி ஏமாளி அல்ல. வந்த செலவு பஸ் கட்டணத்தோடு போகட்டும் என்று நினைத்த கெட்டிக்காரர். கண்காட்சியிலிருந்து நோட்டீசும் நாலு கணக்கும் மட்டும் கொண்டுவரும் விவசாயியும் அப்படித்தான். அந்த நோட்டீசுகளை வீட்டில் விரித்து, குடும்பத்தாரோடு கலந்து, அடுத்த போகத்துக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யும்போதுதான் உண்மையான கொள்முதல் தொடங்குகிறது.